மானிப்பாயில் வாழ்ந்த டாக்டர் கிறீன்

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த காலத்திலே, வன்னிக் கிராமமொன்றில் நடைபெற்ற இலவச மருத்துவ முகாமுக்கு மொழிபெயர்ப்பாளனாகச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. கடல் கடந்த நாடொன்றிலிருந்து கிறித்தவ வைத்தியர் குழுவொன்று வந்திருந்தது. இரு வாரம் தங்கி, வருவோர்க்கெல்லாம் வைத்தியஞ் செய்து, பின்னர்த் தம் நாடு திரும்புவது அவர்தம் திட்டம். தமது விடுமுறையையும் கைப்பொருளையும் செலவிட்டு வந்த அந்த நல்லவர்களைக் குறை கூற எனக்கு மனம் வாராது. காலை ஏழு மணி தொடக்கம் பொழுதுபடும்வரை அவர்கள் உழைத்ததைக் கண்ணாரக் கண்டவன் நான்.

மூன்றாம் நாள் முதியவள் ஒருத்தி வந்தாள். அவளுக்கு நாரி உளைவு. நாரி என்பதற்கு ஆங்கிலச் சொல் உடனே வாயில் வந்தது. உளைவு என்பதற்கு வரவில்லை. நோவு வேறு, குத்து வேறு, கடுப்பு வேறு, உளைவு வேறு என்பதை எங்களூர்ப் பெண்கள் எவரும் அறிவர். விஞ்ஞானத்தைத் தமிழிலே முப்பது ஆண்டுகள் கற்பித்த நானோ இவை அனைத்துக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்துச் சமாளித்தேன். வைத்தியர் பத்து நாளுக்குரிய மாத்திரை கொடுத்தார். போகும்போது அவள் என் பக்கம் திரும்பி, இந்த ஐயா மறுபடி எப்போது வருவாரென்று கேட்டாள். வரமாட்டார் என்றேன். மாத்திரையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அவள் போய்விட்டாள்.

அவ்வினா என்னை விட்டுப் போகவில்லை. அன்றிரவு நான் நினைந்தது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட ஒருவரை. வெளிநாட்டு வைத்தியன் போனபின் நோயாளிக்கு எஞ்சுவது யாது? டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இவ்வினாவுக்கு விடையாகத் தம் வாழ்வின் பெரும் பகுதியைச் செலவிட்டவர். மானிப்பாய் வீதியாற் போய்வருவோர் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலையைக் காண்பர். அதற்கப்பால் அவரைப்பற்றி அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. கவிஞர் அம்பி 1967ஆம் ஆண்டிலே ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலை எழுதி அவரை நமக்கு நினைவூட்டியிராவிடின், அச்சிலரும் இரார் போலும்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் வாழ்ந்த இடம் கிறீன் ஹில் எனப்படுவது. உடன்பிறந்தோர் பலர். அவருள் தமையனாராகிய அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் மாநகரின் நடுவேயுள்ள பெரும் பூங்கா அமையவும், சூழவிருந்த ஊர்கள் ஒரே மாநகராக இணையவும் முன்னின்று உழைத்தவர். 1903இல், வேறொருவரென மயங்கிய ஒருவனாற் சுடப்பட்டு மாண்டார். தமையன் உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றைக் கட்டியெழுப்ப, தம்பி யாழ்ப்பாணத்துச் செம்மண் கிராமமொன்றில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார் என்பது எண்ணுந்தோறும் எனக்கு வியப்பளிப்பது.

இன்னுமொரு பொருத்தம் உண்டு. கிறீன் பிறந்த அதே 1822இல், இரண்டு மாதங்கழித்து, நல்லூரிலே ஆறுமுக நாவலர் பிறந்தார். கிறீன் மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தொடங்கிய 1848இல், நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஒருவர் கிறித்தவத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் அதனைத் தடுக்க எழுந்தவர். எனினும் அறிவைத் தமிழ் உரைநடையிலே, அச்செழுத்திலே, பொதுமக்கள் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும் என்னும் ஒன்றில் இருவரும் ஒரே வழியிற் சென்றனர். அவ்விருவரும் நேரிற் சந்தித்து உரையாடியிருப்பின் என்ன பேசியிருப்பர் என்று நான் சிலவேளை கற்பனை செய்வதுண்டு.

கிறீன் நியூயோர்க்கிலே மருத்துவங் கற்று 1845இற் பட்டம் பெற்றார். அவர் கற்ற மருத்துவம் எத்தகையது என்பதை இக்காலத்தவர் மறந்துவிடலாகாது. ஈதர் மயக்கத்திற் சத்திரசிகிச்சை செய்வது பொஸ்ரன் நகரிலே முதன்முதற் பலரறியக் காட்டப்பட்டது 1846ஆம் ஆண்டு ஒக்ரோபரிலேதான். நோய்க்கிருமி என ஒன்றுண்டு என்பதை வைத்திய உலகம் அன்று ஏற்றிருக்கவில்லை. வாந்திபேதி நீரினாற் பரவுகிறது என இலண்டனில் ஜோன் ஸ்னோ 1854இல் எடுத்துக்காட்டியபோதும் பெரும்பாலோர் நம்பவில்லை. அக்காலத்து மேலை வைத்தியன் நம் நாட்டுப் பரியாரியாரிலும் சிறந்து நின்றது உடலமைப்பு அறிவிலும் கத்தி பிடிக்கும் கையிலுமே. உள் நோய்களைத் தீர்ப்பதில் இருவருக்குமிடையே அவ்வளவு தூரம் இருந்ததென்று சொல்ல நான் துணியேன்.

1847 ஏப்ரலிலே கிறீன் கப்பலேறினார். அவரை அனுப்பியது அமெரிக்க மிசன். அம்மிசனார் 1816 முதல் யாழ்ப்பாணத்திற் காலூன்றியிருந்தனர். டாக்டர் ஸ்கடர் 1820 தொடக்கம் பண்டத்தரிப்பிலே வைத்தியஞ் செய்து, 1836இற் சென்னை சென்றுவிட்டார். அவர்பின் வட்டுக்கோட்டையிற் பணிபுரிந்தவர் டாக்டர் வார்ட். அவரும் தாயகம் திரும்பிய பின்னர், வெற்றிடமாகக் கிடந்த இடத்துக்கே இருபத்தைந்து வயதும் நிரம்பாத கிறீன் வந்து சேர்ந்தார். அவர் இம்மண்ணில் இறங்கியது அவ்வாண்டு ஒக்ரோபரில். முதலில் வட்டுக்கோட்டையிலும் மறு ஆண்டு தொடக்கம் மானிப்பாயிலும் தங்கினார்.

அவர் வந்த நோக்கத்தை மறைத்துப் பேசுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதையன்று. தம் சமயத்தைப் பரப்பவே வந்தார். அதனை ஒருநாளும் ஒளித்தவரல்லர். மருந்துக்காகக் காத்திருப்போருக்கு முதலில் வேதவாசிப்பும் செபமும் நடைபெறும், பின்னரே வைத்தியம். வந்தவர்களோ திருநீறு பூசிய நெற்றியோடு வந்து, கேட்பதைக் கேட்டு, மருந்தைப் பெற்றுத் திருநீற்றோடு திரும்பினர். நோய் நீங்கியவருள் மதம் மாறியோர் மிகச் சிலரே. அதனை அவர் பெருங்குறையாக உணர்ந்திருக்க வேண்டும். ஆயினும் மதம் மாறாதவனுக்கு மருந்து குறைத்துக் கொடுத்தாரல்லர்.

மானிப்பாய்க்கு வந்த 1848இலேயே அவர் சில இளைஞரைச் சேர்த்துக்கொண்டு வைத்தியங் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையிலே மேலை மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. கொழும்பு வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870இலேதான் என்பதை நினைவிற்கொள்க. மானிப்பாயின் முதல் மாணவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியின் ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள். எனவே வைத்தியமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. டன்வதர், சாப்மன் என அவர்தம் பெயர்களைக் கேட்போர் அவர்கள் வெள்ளையரென மயங்குவர். அன்று செமினரி மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலரின் பெயரை அம்மாணவருக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. மற்றப்படி அவர்கள் பனையும் தோட்டமும் சூழ்ந்த ஊர்களிற் பிறந்த நம்மவர்களே.

ஆங்கிலத்திற் கற்பித்ததன் பயன் என்னவாயிற்று? கற்றுத் தேறிய இளைஞன் ஊரிலே தங்கவில்லை. அரசாங்க உத்தியோகம் அவனை அழைத்தது. தென்னிலங்கைத் தோட்டங்களும் பட்டினங்களும் நல்ல சம்பளம் கொடுத்தன. அவன் போனான். அவனைக் குற்றங்கூற இயலாது. அவன் இடத்தில் நானிருந்தாலும் போயிருப்பேன். நம் குடாநாட்டின் பிள்ளைகள் போய்க்கொண்டிருப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. எனினும் எவருக்காக அவனைப் பயிற்றினாரோ அந்தக் கிராமத்து நோயாளி பழையபடி நின்றான். கிறீன் பத்தாண்டுகள் இதனைக் கண்ணாற் கண்டார்.

1857இலே ஓய்வுக்காகத் தாய்நாடு சென்றார். சென்றவர் அங்கேயே தங்கிவிடுவதற்கு எல்லா நியாயங்களும் இருந்தன. பத்தாண்டு உழைப்பு எவருக்கும் போதுமான கணக்கு. ஐந்து ஆண்டுகள் அங்கிருந்தார். உள்நாட்டுப் போரும் மூண்டது. 1862இலே மார்கிறெற் வில்லியம்ஸ் என்னும் மங்கையை மணந்து, அவ்வாண்டே மனைவியோடு மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இம்முறை அவர் வந்தது தெளிவான ஒரு தீர்மானத்தோடு. இனி வைத்தியம் தமிழிலேயே கற்பிக்கப்படும். 1864இல் தமிழ்மொழி வகுப்பு தொடங்கியது.

இங்கே சிறிது நின்று சில செய்திகளைச் சொல்லுதல் வேண்டும். இத்தீர்மானம் தனியே கிறீனின் உள்ளத்தில் உதித்த தமிழ்க் காதலின் விளைவென்று மேடைகளிற் பேசப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். அஃது அரை உண்மை. 1855இலே அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தூதுக்குழு, ஆங்கிலக் கல்வியாற் சமயப் பணிக்குப் பயன் குறைவு எனக் கருதிற்று. அதன் விளைவாகவே புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. ஊர்மொழியிலே கற்பி என்பது அன்று மேலிடத்தின் கொள்கை. யாழ்ப்பாணத்தாரோ அதனை விரும்பினாரல்லர். ஆங்கிலம் வேண்டுமென்றே கேட்டனர். அதனாலேதான் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. தமிழிற் கற்க வேண்டுமென்று அந்நியர் சொல்ல, ஆங்கிலந்தான் வேண்டுமென்று தமிழர் மன்றாடிய காலம் அது. உத்தியோகம் ஆங்கிலத்திலிருக்கையில் அவர்கள் வேறெதைக் கேட்பார்கள்?

ஆனாற் கொள்கை வகுப்பது வேறு, அதனை நடைமுறையிற் காட்டுவது வேறு. தமிழிற் கற்பி என்று எழுதியனுப்ப ஒரு பேனா போதும். தமிழிற் கற்பிக்கவோ நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். அந்தச் சுமையைத் தோளில் ஏற்றவர் கிறீன்.

முதல் முயற்சி முன்னரே தொடங்கியிருந்தது. கட்டர் என்பாரின் உடல்நூலைத் தழுவி 1852இலே ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ வெளிவந்தது. பெயரைக் கேட்டவுடன் மாணவர் சிரிப்பர். எனது வகுப்பிலும் சிரித்தனர். ஆயினும் உற்றுப் பாருங்கள். அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியல். சுகரணம் என்பது உடற்றொழிலியல். உற்பாலனம் என்பது உடலைப் பேணும் சுகாதாரம். மூன்று துறைகளுக்கும் தமிழிலே பெயரே இல்லாதிருந்த காலத்தில், ஒருவர் உட்கார்ந்து எண்ணி இட்ட பெயர்கள் அவை. 1857இற் பிரசவ வைத்தியம் வந்தது. பின்னர் 1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ என்பன, 1875இற் ‘கெமிஸ்தம்’. அச்சான பக்கங்களைக் கூட்டினால் நாலாயிரத்துக்கு மேற்படும். சில மானிப்பாயில் அச்சேறின. வேறு சிலவற்றுக்கு நாகர்கோயில் வரை செல்ல நேர்ந்தது.

இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது கிறே என்பாரின் பெயர்பெற்ற உடற்கூற்று நூல். ஆங்கில மூலம் இலண்டனில் வெளிவந்தது 1858இலே. பதினான்கு ஆண்டுகளுள் அது தமிழாயிற்று. மருத்துவம் படிக்கும் மாணவர் இன்றும் சுமந்து திரியும் அந்நூல், மாட்டுவண்டி ஓடிய மானிப்பாயிலே தமிழில் இருந்தது என்று சொன்னால் என்னுடைய மாணவர்கள் நம்புவதில்லை.

சொல்லாக்கத்திற்குக் கிறீன் ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழிலே அச்சொல் உளதாவெனத் தேடுக. இல்லையேல் வடமொழியிலே தேடுக. அங்கும் பொருந்தியது கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசையத் திருத்திக்கொள்க. கெமிஸ்தம் என்பது இம்மூன்றாம் வழியிற் பிறந்தது. அவர் ஆக்கிய சொற்கள் வடமொழி மிகுந்தவை, நாவில் இலகுவிற் புரளாதவை என்பது உண்மை. அவற்றுட் பல நிலைக்கவில்லை, கெமிஸ்தம் இரசாயனமாயிற்று. ஆயினும் பின்னாளில் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, அவர்களுக்குக் குழுவும் கூட்டமும் சம்பளமும் இருந்தன. கிறீனுக்கு இருந்தவை பகல் முழுதும் நோயாளர் வரிசை, இரவில் ஒரு விளக்கு, பக்கத்திலே மாணவர் சிலர்.

அம்மாணவரை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்வது அநியாயம். இரண வைத்தியத்தில் டன்வதரின் உழைப்பு உண்டு; கெமிஸ்தத்திற் சாப்மனும் சுவாமிநாதனும் உழைத்தனர். ஆங்கிலம் கற்றதனால் ஊரைவிட்டுப் போகக் கூடியவர்களாயிருந்த அவர்களே, அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வேலையிலும் இறங்கினர். கிறீன் தமிழ் நன்கு கற்றவரேயெனினும், அந்நியர் ஒருவர் தனித்து இருந்து இத்துணைப் பெருநூல்களைச் செய்திருத்தல் இயலாது. புகழ் முழுவதையும் அவர் ஒருவர் தலையிலேயே சுமத்துவது நம் எழுத்தாளரின் வழக்கமாகிவிட்டது.

மாணவரின் ஆடை பற்றியும் அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. படித்தவன் காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்து தன் ஊராரிடமிருந்து விலகிப் போவதை அவர் விரும்பவில்லை. கிறித்தவனாயினும் அவன் நடையுடையிலே தமிழனாகவே இருக்கவேண்டும். வெள்ளைக்காரனின் நிழலாக ஆகிவிடலாகாது என்பதைக் கடிதங்களிற் பலமுறை எழுதினார். மதத்தை மாற்ற வந்தவர் உடையை மாற்றாதே என்று வற்புறுத்தியதில் முரண்பாடில்லையா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். இருக்கலாம். மனிதர் முரண்பாடின்றி இருப்பதில்லை. நோயாளியின் வீட்டு முற்றத்திற் பாயில் அமரத்தக்கவனாக வைத்தியன் இருக்கவேண்டும் என்பதே அவர் கருத்தின் வேர் என நான் விளங்கிக்கொண்டேன்.

வாந்திபேதி அக்காலத்து யாழ்ப்பாணத்தை அடிக்கடி சூறையாடிற்று. 1866இற் கண்ட கொள்ளை நோய் மிகக் கொடியது; மாண்டோர் பல்லாயிரவர். அதற்கு உறுதியான மருந்து எவரிடமும் இருக்கவில்லை, கிறீனிடமும் இருக்கவில்லை. ஆனால் ஊரூராகச் செல்வதற்கு அவரிடம் பயிற்சி பெற்ற கைகள் இருந்தன. ஒரு வைத்தியர் ஒரு வேளையில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும் என்பதை அத்தகைய நாட்களே கற்பிக்கின்றன.

அவரிடம் கற்றோர் எல்லாமாக 60 பேருக்கு மேற்பட்டோர். அவருள் 30 பேருக்கு மேற்பட்டோர் தமிழ்மொழி மூலம் கற்றவர்கள். தொகை சிறிதெனத் தோன்றலாம். கிராமத்துக்கு ஒருவர் எனக் கணக்கிட்டுப் பாருங்கள். அக்காலத்துக் குடாநாட்டுக்கு அது சிறிதன்று.

உடல்நலங் குன்றவே, 1873இலே கிறீன் மனைவி மக்களோடு வூஸ்ரர் திரும்பினார். இரு முறையும் கூட்டினால் அவர் இங்கு வாழ்ந்தது இருபது ஆண்டுகளுக்கு மேல். திரும்பியவர் ஓய்ந்தாரா? கிறீன் ஹில் வீட்டிலிருந்தே தமிழ் நூல்களைத் திருத்தினார். கையெழுத்துப் பிரதிகளும் அச்சுப் பிரதிகளும் கப்பல்களிற் போய்வந்தன. டால்ற்றன் என்பாரின் நூல் ‘மனுஷ சுகரணம்’ என்னும் பெயருடன் 1883இலும், இந்திய மருந்துகள் பற்றிய ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இலும் வெளிவந்தன. பனிபொழியும் ஊரிலே, தமிழெழுத்து அறிந்த அயலவர் எவருமின்றி, ஒற்று மிகுமா மிகாதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்.

இங்கேயோ நிலைமை வேறாயிற்று. கொழும்பு வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்கம் மதித்தது அதன் பத்திரத்தையே. தமிழிற் கற்றவனுக்கு ஊரில் மதிப்பிருந்தது, அலுவலகத்தில் இருக்கவில்லை. கிறீன் சென்றபின் மானிப்பாய் வைத்தியக் கல்வி சில ஆண்டுகளே நீடித்து ஓய்ந்தது. வைத்தியசாலை நிலைத்தது. இணுவிலில் 1898இலே மகளிருக்கென மக்லியொட் வைத்தியசாலை தோன்றியது. நூல்கள் மட்டும் அலுமாரிகளிற் போய் உறங்கின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது. அங்கு இன்றும் கற்பிப்பது ஆங்கிலத்திலேயே. அதன் நியாயங்களை நான் அறியாதவனல்லன். என் சொந்த மகளை ஆங்கிலத்திலேதான் படிப்பித்தேன். ஆயினும் அங்கு கற்கும் பிள்ளைகளுள் ஒருவராவது, தம் நோயாளி சொல்லும் உளைவுக்கும் கடுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள எந்த நூலை எடுப்பார் என்ற எண்ணம் வன்னி முகாமுக்குப் பின்னர் என்னை விடவில்லை.

கிறீன் 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி வூஸ்ரரிற் காலமானார். வாந்திபேதிக் கிருமியை ஜெர்மானியரான கொக் கல்கத்தாவிலே உறுதிசெய்து அறிவித்ததும் அவ்வாண்டின் தொடக்கத்திலேதான். இருபதாண்டுகளாகத் தாம் பெயரறியாது போரிட்ட பகையின் பெயரைக் கிறீன் இறுதி மாதங்களிற் பத்திரிகையிற் கண்டிருக்கக்கூடும். அவர்தம் கிறீன் ஹில் பின்னர் அந்நகர மக்களின் பூங்காவாயிற்று.

தமது கல்லறையில் என்ன பொறிக்கப்பட வேண்டும் என்பதை அவர் முன்னரே சொல்லிவைத்திருந்தார். பட்டங்களையும் நூல்களையும் அவர் கேட்கவில்லை. தமிழருக்கு வைத்தியத் தொண்டராகச் சென்றவர் என்பது தம் பெயரின்கீழ் இருக்கவேண்டும் என்றார். அவ்வாறே பொறித்தனர். வூஸ்ரர் நகரத்து மயானத்திலே அக்கல்லைக் கடந்துசென்ற அவ்வூரார், தமிழர் என்போர் யாரென்று ஒருவரையொருவர் வினவியிருக்கவும் கூடும்.